ஏஎஸ்என்டி லெவல் 3 இருந்தால் அணுசக்தி நீர்மூழ்கி வேலையில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி, 3 பிப்ரவரி 2025

யூடி (மீயொலிச் சோதனை), ஆர்டி (ஊடுகதிர் ஃபிலிம் சோதனை) இரண்டிலும் ஏஎஸ்என்டி (அமெரிக்க என்டிடி சங்கம்) கொடுக்கும் மேல்மட்டத் தகுதியான லெவல் 3 வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் குழாய் வேலைகளில் பல வருட அனுபவம். கிரீன் கார்டும் வந்துவிட்டது. கனெக்டிகட்டில் ஒரு சப்ளையர் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குப் பாகங்கள் செய்கிறார்கள், என்டிடி (பொருளை உடைக்காமல் குறை பார்க்கும் சோதனை) ஆட்கள் எடுக்கிறார்கள். "லெவல் 3 எங்கே போனாலும் லெவல் 3தான், சேர்ந்த மறுநாளே பாகம் சரி என்று கையெழுத்துப் போடலாம்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். உண்மையா?

3 பிப்ரவரி, இரவு

இல்லை. மறுநாள் இல்லை, மறுமாதமும் சந்தேகம். உங்கள் கையில் இருப்பது நீங்கள் பரீட்சை பாஸ் செய்ததற்கான அத்தாட்சி. கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுப்பது கம்பெனி. கிரீன் கார்டு விஷயமும் இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் இரண்டு வரி போட்டேன். கொஞ்சம் விரிவாக.

அமெரிக்காவில் என்டிடி ஆட்களின் தகுதி பெரும்பாலும் எஸ்என்டி-டிசி-1ஏ என்ற ஏஎஸ்என்டி ஆவணத்தின் வழியில் நடக்கிறது. 1960-களில் வந்தது. அதன் அட்டையிலேயே "பரிந்துரைக்கப்படும் நடைமுறை" என்றுதான் போட்டிருக்கும். இதை வைத்து ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு எழுத்து நடைமுறை தயாரிக்க வேண்டும்: எத்தனை மணி வகுப்பு, எத்தனை மணி அனுபவம், என்னென்ன பரீட்சை, யார் நடத்துவார், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அந்தப் பேப்பரின்படி ஆளைத் தகுதிப்படுத்தி, கம்பெனியே சர்டிஃபிகேட் கொடுக்கும். நீங்கள் வேலையை விட்டால் அந்த சர்டிஃபிகேட்டும் அன்றோடு செத்துவிடும். அடுத்த கம்பெனி உங்கள் பழைய வகுப்பு நேரத்தையும் அனுபவத்தையும் கணக்கில் எடுக்கலாம், பழைய சர்டிஃபிகேட்டை அப்படியே எடுக்க முடியாது.

ஐஎஸ்ஓ 9712 (சர்வதேச என்டிடி தகுதித் தரநிலை) பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே மூன்றாவது அமைப்பு ஒன்று பரீட்சை வைத்து சர்டிஃபிகேட் கொடுக்கிறது. அது ஓட்டுநர் உரிமம் மாதிரி, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். அமெரிக்க முறையில் உரிமம் வண்டி முதலாளியுடையது, ஓட்டுநருடையது அல்ல.

பரீட்சை மூன்று பகுதி. பொது, குறிப்பு (அந்த வேலைக்கே உரிய கேள்விகள்), செய்முறை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, சராசரி 80. லெவல் 3-க்கு அடிப்படை, முறை, குறிப்பு. ஏஎஸ்என்டி லெவல் 3 அட்டை இருந்தால் அடிப்படையையும் முறையையும் கம்பெனி ஒப்புக்கொள்ளலாம். குறிப்புப் பரீட்சையை மட்டும் யாரும் விட்டுத் தரமாட்டார்கள், விட்டுத் தரவும் கூடாது. அந்தக் கம்பெனியின் செயல்முறை, அந்த ஒப்பந்தத்தின் ஏற்பு அளவுகோல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பது), அந்தப் பொருள், எல்லாம் அதில்தான் வரும். சுத்திகரிப்பு ஆலையில் பதினைந்து வருடம் ஃபிலிம் பார்த்தவருக்குக் கண்ணே ஒரு அளவுகோலுக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை முதலில் கழற்ற வேண்டும். புதிதாகச் சேரும் பையனுக்குக் கற்றுக் கொடுப்பதைவிட இது கடினம் என்பது என் கருத்து.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கிரீன் கார்டு. இங்கே இரண்டு வேறு சட்டிகள், கலக்காதீர்கள்.

ராணுவப் பொருட்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் "அமெரிக்க நபர்" என்று சொல்லும்போது கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அதில் அடக்கம். ஆகவே கப்பலின் அணு சாராத பகுதிகளில் பல வேலைகளுக்கு நீங்கள் தகுதி. ஆனால் கடற்படை அணு உந்துவிசைத் தகவல் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். வரைபடத்தையே திறக்க முடியாத ஆள் வெல்டை எப்படி ஏற்பார்? சப்ளையரிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல, இந்த வேலை எந்தப் பக்கம் என்பதை.

9 பிப்ரவரி

"எந்தப் பக்கம் என்றால் என்ன?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒரே நீர்மூழ்கிக்குள் இரண்டு ராஜ்ஜியம். அணு உலை ஆலை முழுக்க நேவல் ரியாக்டர்ஸ் கையில். கடற்படைக்காரர்கள் 'நேவ்சீ பூஜ்யம் எட்டு' என்பார்கள் (நேவ்சீ என்பது கடற்படையின் கப்பல் பிரிவு). அட்மிரல் ரிக்கோவர் கட்டி எழுப்பியது. 1982-ல் ரீகன் கையெழுத்திட்ட ஆணை 12344 அதன் தலைவரின் அதிகாரத்தை உறுதிப்படுத்தி, எட்டு வருடப் பதவிக்காலத்தையும் வைத்தது. எரிசக்தித் துறைக்கும் கடற்படைக்கும் பொதுவான அமைப்பு. மின்நிலைய அணு உலைகளை மேற்பார்க்கும் என்ஆர்சிக்குக் கப்பல் உலையில் உரிமம் கொடுக்கும் வேலை இல்லை.

அந்தப் பக்கத்து வெல்டிங்குக்கு நேவ்சீ 250-1500-1 என்று தனித் தரநிலை. மறுபக்கத்துக்கு என்டிடி முறைகளைச் சொல்வது கடற்படையின் டெக் பப் (தொழில்நுட்ப வெளியீடு) 271, பழைய ஆட்கள் இன்னும் மில்-ஸ்டாண்டர்ட் (ராணுவத் தரநிலை) 271 என்றே சொல்வார்கள். வெல்டிங், ஆய்வுத் தேவைகளுக்கு 278. ஏற்பு அளவுகோலுக்கு மில்-ஸ்டாண்டர்ட் 2035. இரண்டு பக்கமும் எஸ்என்டி-டிசி-1ஏ-யின் எலும்புக்கூடு தெரியும், சதை கடற்படையுடையது. சொல்லும் மாறும்: லெவல் 3-ஐ எக்ஸாமினர் என்பார்கள், லெவல் 2-ஐ இன்ஸ்பெக்டர் என்பார்கள். இன்ஸ்பெக்டர் என்ற சொல்லுக்கு வெளியே யாரும் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. இங்கே அதுதான் ஏற்கும் கை.

250-1500-1-ல் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்காதீர்கள். அது கடைத்தெருவில் கிடைக்கும் புத்தகம் இல்லை. எனக்கு என் ஓய்வூதியம் பிடிக்கும்.

இன்னொன்று. ஒப்பந்தம் எஸ்என்டி-டிசி-1ஏ-யின் எந்தப் பதிப்பைச் சொல்கிறதோ அதுதான் செல்லும். புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று உங்கள் ஆட்களின் மணிக்கணக்கைப் புதுசுக்கு மாற்றி வைத்தீர்கள் என்றால், தணிக்கைக்கு வருபவர் பழைய பதிப்பை மேசைமேல் வைப்பார்.

11 பிப்ரவரி

பரீட்சையில் யார் தோற்கிறார்கள் என்று கேட்டார் ஒருவர். யூடிதான் எல்லோரையும் கவிழ்க்கும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் அனுபவசாலிகளைக் கவிழ்ப்பது பிடி. ஆம், பெனட்ரன்ட், விரிசலுக்குள் சாயம் ஊடுருவ விட்டுப் பார்க்கும் சோதனை. எஸ்என்டி-டிசி-1ஏ அட்டவணையில் லெவல் 1-க்கு நான்கு மணி வகுப்பு, லெவல் 2-க்கு இன்னொரு எட்டு மணி. யூடிக்கு நாற்பதும் நாற்பதும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பிடியை எல்லோரும் ஏளனமாக நினைக்கிறார்கள்.

செய்முறைப் பரீட்சையில் ஆள் வருவார். சோதனைக்கு வைத்த உலோகத் துண்டைத் துடைப்பார், சிவப்புச் சாயம் அடிப்பார், காத்திருப்பார். பிறகு கை தானாக கிளீனர் கேனைத் தூக்கி நேரே பரப்பின்மேல் அடிக்கும். முடிந்தது. மேல்சாயத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மீதியைக் கரைப்பானில் லேசாக நனைத்த துணியால் எடுக்க வேண்டும். நேரே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். புத்தகத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத்துப் பரீட்சையில் அதே ஆள் அந்தக் கேள்விக்குச் சரியாக டிக் அடித்திருப்பார்! பத்து வருடம் வேலை செய்த இடத்தில் யாரும் தட்டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கேனையே பார்க்காமல் எடுப்பது. ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குளோரைடு மிச்சம் இருந்தால், சூடும் இழுவிசையும் சேரும்போது அரிப்பு விரிசல் வரும். அதனால்தான் சாயம், கரைப்பான், டெவலப்பர் (சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் பூச்சு) எல்லாவற்றுக்கும் ஹாலஜன் (குளோரின் வகை), கந்தக அளவு சோதித்த சான்று வேண்டும், அது கேனின் பேட்ச் எண்ணோடு பொருந்த வேண்டும். விரிசல் தேடப் போன ஆளே விரிசலுக்கு விதை போட்டுவிட்டு வரலாம். பரீட்சை மேசையில் வேண்டுமென்றே பேட்ச் எண் அழிந்த கேன் ஒன்றை வைப்பேன். எடுத்துக் கேள்வி கேட்பவர் மேல் எனக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும்.

12 பிப்ரவரி

"தந்திரம் பண்ணிப் பரீட்சை வைப்பது நியாயமா" என்று திட்டு வந்திருக்கிறது. நியாயம்தான். வேலையிடத்தில் கேன் நல்ல எண்ணத்தோடு வந்து நிற்பதில்லை.

ஆனால் வேறொரு விஷயத்தில் எனக்கே வெகுநாள் தெளிவில்லாமல் இருந்தது. செய்முறைத் துண்டில் பத்துக் குறை வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். பயந்தவர் பதினாறு என்று எழுதுவார். பத்தையும் பிடித்துவிட்டார், ஆறு சும்மா. இவரைப் பாஸ் செய்வதா? ஏராளமான கடைகளில் (வேலைப் பட்டறைகளில்) பாஸ்தான், "பாதுகாப்பான பக்கம்" என்பார்கள். அது பாதுகாப்பு இல்லை. தடித்த வெல்டில் இல்லாத குறைக்குத் தோண்டினால், தோண்டி மறுபடி நிரப்பும்போது புது வெப்பம், புது எஞ்சிய அழுத்தம், சமயத்தில் நிஜமான குறையும் வந்து சேரும். ஆகவே பொய் அழைப்புக்கும் (இல்லாததைக் குறை என்பதற்கும்) மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றே வாதாடி வந்தேன். அப்படிக் குறைத்தால் அடுத்த முறை அவர் சந்தேகமானதைச் சொல்லாமல் விடப் பழகுவார். எந்தப் பழக்கத்தை வளர்க்கிறோம்? வருடக்கணக்காக இதில் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றிருக்கிறேன்.

மின்நிலையக்காரர்கள் இதை எண்களால் தீர்க்கப் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் கொதிநீர் உலைகளின் ஸ்டெயின்லெஸ் குழாய்களில் வெல்டு ஓரம் விரிசல்கள். நைன் மைல் பாயிண்டில் 1982-ல் கசிவு வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு முந்தைய யூடி அதைக் காட்டவில்லை. அங்கிருந்து வளர்ந்ததுதான் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பில் பிரிவு 11-ன் எட்டாவது இணைப்பு. ஆள், கருவி, செயல்முறை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, குறை எங்கே என்று தெரியாத துண்டுகளில் குருட்டுச் சோதனை. எத்தனை பிடித்தார், எத்தனை பொய் அழைப்பு, இரண்டுக்கும் வரம்பு. 1999-ல் என்ஆர்சி அதைக் கட்டாயமாக்கியது. அதைப் படித்த பிறகு நான் பொய் அழைப்புக்கு வரம்பு வைக்கும் கட்சியில் நிரந்தரமாகச் சேர்ந்தேன். மதிப்பெண் குறைப்பு வேறு, வரம்பு வேறு. வரம்புக்குள் இருந்தால் ஒரு புள்ளியும் குறையாது, தாண்டினால் திரும்ப வகுப்பு.

12 பிப்ரவரி, இன்னும்

ஸ்டெயின்லெஸ் யூடி ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்டவருக்கு: வெல்டில் உலோகம் உறையும்போது நீண்ட தூண்கள் போல மணிகள் (உலோகப் படிகங்கள்) வளரும். ஒலி அவற்றில் சிதறும், வளையும். திரையில் புல்வெளி போல எதிரொலி. சாதாரண எஃகில் பழகிய குறுக்கலைப் புரோப் (ஒலி அனுப்பும் முனை) இங்கே பொய் சொல்லும், அதனால் ஒளிவிலகிய நெட்டலை வைத்துப் பார்ப்பார்கள். எச்ஒய்-80 என்ற உயர்வலிமை எஃகில் செய்த நீர்மூழ்கி ஓட்டில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் ஸ்டெயின்லெஸ் குழாயில் திணறுவதில் ஆச்சரியம் இல்லை. "யூடி லெவல் 2" என்ற மூன்று சொல்லை மட்டும் பார்த்து ஆளை அனுப்பும் மேனேஜருக்கு இது புரியாது.

20 பிப்ரவரி

"ஒரு வெல்டுக்கு இவ்வளவு காகிதமா" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். த்ரெஷர் தெரியுமா?

யுஎஸ்எஸ் த்ரெஷர், அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி. 1963 ஏப்ரல் 10. கேப் காட் கரைக்குக் கிழக்கே ஆழ்முழுக்குச் சோதனையில் போனது, 129 பேர் திரும்பவில்லை. அந்தக் கப்பலில் முழு ஆழத்தின் கடல் அழுத்தத்தைத் தாங்கும் வெள்ளிப் பற்றவைப்பு (பிரேசிங்) குழாய் இணைப்புகள் சுமார் 3,000. கடைசியாகத் தளத்தில் நின்றபோது, அன்றைக்குப் புதிதாக இருந்த யூடியை வைத்து 145 இணைப்புகளைப் பார்த்தார்கள். கப்பல் தாமதமாகக் கூடாது என்ற நிபந்தனையோடு. 14 சதவீதம் தரத்துக்குக் கீழே. அதே விகிதத்தை மொத்தத்துக்கும் விரித்தால் 400-க்கு மேல் மோசமான இணைப்புகள் இருந்திருக்கலாம். 2003-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன் கடற்படை அதிகாரி கொடுத்த சாட்சியத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது.

இந்த 145 என்ற எண் எனக்கு எப்போதும் உறுத்தும். சோதனை வேலை செய்தது. பார்த்தவர்கள் சரியாகவே பார்த்தார்கள். பதில் கையில் இருந்தது. யாரும் "மீதியையும் பார்க்காமல் கப்பல் நகராது" என்று சொல்லும் இடத்தில் இல்லை.

அந்த வருடம் டிசம்பர் 20-ல் சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. அதன் முதுகெலும்பு, சரிபார்க்கக்கூடிய புறநிலைத் தரச் சான்று. வேலை நன்றாக நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தாலும் காகிதம் இல்லை என்றால் வேலை நடக்கவில்லை. உங்கள் தகுதிக் கோப்பு அந்தச் சான்றின் ஒரு பகுதி. சப்சேஃப் சான்று பெற்ற எந்த நீர்மூழ்கியும் இதுவரை தொலைந்ததில்லை. 1968-ல் போன ஸ்கார்பியனுக்கு அந்தச் சான்று இல்லை.

21 பிப்ரவரி

எதிர்பார்த்த மறுப்பு வந்துவிட்டது: "த்ரெஷர் பற்றவைப்பு உடைந்து மூழ்கவில்லை, மின்சாரக் கோளாறு."

விசாரணை மன்றம் எஞ்சின் அறைக் குழாய் உடைந்து நீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள் பின்னால் வேறு வரிசை சொன்னார்கள்: முதலில் மின்சாரம், அதனால் உலை நின்றது, பெரிய வெள்ளம் அப்போது இல்லை. வழக்குப் போட்ட பிறகு 2020 முதல் ஆவணங்களைத் தவணையாக வெளியிட்டார்கள். சண்டை இன்னும் ஓடுகிறது. நேற்று எழுதியதில் "பற்றவைப்புதான் மூழ்கடித்தது" என்று நான் சொல்லவில்லை, ஆனால் படிப்பவருக்கு அப்படித் தோன்றும்படி எழுதியிருக்கிறேன் என்பதை ஏற்கிறேன். எது உண்மையானாலும் 145-ல் 14 சதவீதம் மாறாது.

பற்றவைப்பு யூடி என்பதே தனிக் கலை. குழாய் ஒரு சாக்கெட்டுக்குள் நுழைந்து நடுவில் வெள்ளிக் கலவை பரவியிருக்கும். ஒட்டியிருந்தால் ஒலி அதைத் தாண்டி உள்குழாயின் உள்சுவர் வரை போய்த் திரும்பும். ஒட்டாத இடத்தில் சாக்கெட்டின் தடிமனிலேயே திரும்பிவிடும். இந்த இரண்டு எதிரொலியையும் பிரித்துப் படித்து, சுற்றளவில் எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று வரைந்து கொடுக்க வேண்டும். வெல்டு யூடியில் வரும் கோணப் புரோப் அறிவு இங்கே அதிகம் உதவாது. பித்தளைப் பொருத்துகளின் உலோக மணிகள் வேறு இடைஞ்சல்.

22 பிப்ரவரி

பித்தளை என்று போட்டது வாய்ப்பழக்கம். செம்புக் கலவை என்று படித்துக்கொள்ளுங்கள். யாரோ திருத்துவதற்கு முன் நானே.

2 மார்ச்

கண் பரிசோதனை. சிரிக்காதீர்கள், நான் பார்த்த தணிக்கைகளில் அதிகம் சிக்கியது இதுதான்.

வருடம் ஒருமுறை, பன்னிரண்டு அங்குல தூரத்தில் ஜேகர் 2 எழுத்தை (கண் சோதனை அட்டையின் பொடி எழுத்து அளவு) படிக்க வேண்டும். அது எஸ்என்டி-டிசி-1ஏ அளவு. நிற வேறுபாடும் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தால் கோப்பில் அப்படியே எழுத வேண்டும், பிறகு வேலையிலும் அந்தக் கண்ணாடி மூக்கின்மேல் இருக்க வேண்டும், சட்டைப் பையில் அல்ல.

ஒரு சப்ளையர் கடையில் நடந்தது. அருமையான ஆள், ஃபிலிம் பார்ப்பதில் அந்தக் கடையில் அவருக்கு மிஞ்சியவர் இல்லை. கண் பரிசோதனைத் தேதி தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. தாண்டிய நாளிலிருந்து அவர் ஏற்றதெல்லாம் கேள்விக்குறி. ஃபிலிம் என்பதால் தப்பித்தோம், பெட்டியிலிருந்து எடுத்து இன்னொருவர் திரும்பப் பார்த்தார், எல்லாம் சரி. ஆனால் அதே நாட்களில் அவர் பார்த்த பிடி? சாயத்துக்கு நினைவு கிடையாது. பாகத்தைத் திரும்ப வரவழைத்துச் சுத்தம் செய்து மறுபடி. ஒரு பாகம் வேறொன்றுக்குள் வெல்டு ஆகிவிட்டது, அதற்கு விலக்குக் கேட்டு எழுதிய கடிதம் பாகத்தைவிடக் கனம்.

அவருடைய கண் கெடவில்லை. அடுத்த வாரமே பரிசோதனையில் ஒரே மூச்சில் படித்தார். இந்த விதி முட்டாள்தனம் என்று அவர் கத்தினார். அன்றைக்கு நானும் உள்ளுக்குள் அதையே சொன்னேன்.

9 மார்ச்

அந்தக் கடைசி வரியை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

டகோமாவில் ஒரு வார்ப்பாலை. நீர்மூழ்கி ஓட்டுக்கு எச்ஒய்-80, எச்ஒய்-100 வார்ப்புகள். அங்கே உலோகவியலாளர் 1985 முதல் 2017 வரை வலிமை, தாக்குதல் (அடித்து உடைத்துப் பார்க்கும்) சோதனை எண்களை மாற்றி எழுதினார், குறைந்தது 240 உற்பத்திகளில். 2022-ல் முப்பது மாதச் சிறை, 50,000 டாலர் அபராதம். மைனஸ் 100 ஃபாரன்ஹீட்டில் தாக்குதல் சோதனை கேட்பது முட்டாள்தனம் என்று தோன்றியதால் சில எண்களை மாற்றியதாக விசாரணையில் சொல்லியிருக்கிறார். அவர் படித்தவர், அனுபவசாலி, எந்தப் பரீட்சை வைத்தாலும் பாஸ் செய்திருப்பார்.

2009-ல் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்டர் விவகாரம் வெளிவந்தது. அவரும் முறைப்படி தகுதி பெற்றவர். ஆயிரக்கணக்கான வெல்டுகளைத் திரும்ப யோசிக்க வேண்டி வந்தது.

ஆக, நான் இத்தனை நாள் இங்கே எழுதிய பரீட்சை, மணிக்கணக்கு, பேட்ச் எண் எல்லாம் தெரியாதவரை வடிகட்டும். தெரிந்தும் செய்யாதவரை வடிகட்டாது. அதற்கு ஒரே வழி, தெரியாமல் திரும்பப் பார்ப்பது. எக்ஸாமினர் வாரத்தில் சிலவற்றை எடுத்துத் தானே மறுபடி சோதிப்பது. இதைக் கடையில் செய்தால் "எங்களை நம்பவில்லையா" என்று முகம் தொங்கும். நம்புகிறேன், அதனால்தான் பத்தில் ஒன்று மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி வந்தேன். அந்தப் பதில் யாருக்கும் பிடித்ததில்லை.

எல்லாமே நேர்மைப் பிரச்சினையும் இல்லை. 2018-ல் கொலம்பியா வகை நீர்மூழ்கியின் ஏவுகணைக் குழாய் வெல்டுகளில் குறை தெரிந்தது. பன்னிரண்டு குழாய்கள், அதில் ஏழு ஏற்கெனவே நீர்மூழ்கி கட்டும் எலெக்ட்ரிக் போட் கம்பெனிக்குப் போய்விட்டன. சப்ளையர் சோதிக்கப் பயன்படுத்திய கருவியில் முரண்பாடு கண்டுபிடிக்கப்பட்டதில் ஆரம்பித்தது. ஆளுக்குச் சான்று கொடுத்துவிட்டு, கருவியையும் செயல்முறையையும் அதே கண்டிப்போடு பார்க்காவிட்டால் இப்படித்தான். மின்நிலையக்காரர்கள் மூன்றையும் சேர்த்துக் கட்டியதை மேலே எழுதினேனே, அதை இங்கே திரும்பப் படியுங்கள்.

10 மார்ச்

"அப்படியானால் பரீட்சையே வேண்டாமா?" வேண்டும் ஐயா. பூட்டு திருடனை நிறுத்தாது என்று கதவைக் கழற்றி வைப்பீர்களா?

15 மார்ச்

கொஞ்சம் விலகிப் போகிறேன். முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் தளத்தில் நின்றபோது, 1954 செப்டம்பரில் ஒரு சிறிய நீராவிக் குழாய் வெடித்தது. பார்த்தால், வரைபடம் கேட்டது தையலில்லாக் குழாய். போட்டிருந்தது கைப்பிடிக் கம்பிக்கு ஆகும் தையல் குழாய். எங்கெங்கே அப்படிப் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்லப் பதிவு இல்லை. சந்தேகப்பட்ட குழாயை எல்லாம் பிடுங்கி மாற்றினார்கள்.

என்டிடிகாரனுக்கு இதில் என்ன? தப்பான குழாயின் வெல்டு ஆர்டியில் அழகாக இருக்கும். நல்ல ஃபிலிம், 2-2டி பெனட்ராமீட்டர் (படத்தின் தெளிவைக் காட்டும் தகடு) துளை பளிச்சென்று தெரியும், ஏற்பு. செய்முறைப் பரீட்சையில் துண்டின் மேல் அடித்த எண்ணையும் காகிதத்தின் எண்ணையும் ஒப்பிடாமல் புரோப்பை எடுப்பவருக்கு என் மதிப்பெண் தாளில் முதல் வரியே காலி.

23 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னார்: நேர்முகம் போனார், அந்த இடம் அணு சாராத பக்கத்து வால்வு வேலை, கிரீன் கார்டு தடையில்லை. எக்ஸாமினராக அல்ல, முதலில் லெவல் 2 இன்ஸ்பெக்டராக எடுப்பார்களாம். "அவமானமாக இருக்கிறது" என்கிறார்.

அவமானம் இல்லை தம்பி, அந்தக் கடை நல்ல கடை. வந்த அன்றே எக்ஸாமினர் நாற்காலி கொடுத்திருந்தால் நானே ஓடச் சொல்லியிருப்பேன். எக்ஸாமினர் செயல்முறைக்கு ஒப்புதல் கொடுப்பவர், மற்றவர்களின் பரீட்சையைத் திருத்துபவர். 271-ஐக் கையில் வைத்து ஒரு வருடமாவது பாகம் ஏற்காமல், தள்ளாமல், அந்த வேலை செய்தால் உங்கள் கீழே இருக்கும் பழைய இன்ஸ்பெக்டர்தான் நிஜ எக்ஸாமினர், நீங்கள் முத்திரை.

சேர்வதற்கு முன் அவர்களின் எழுத்து நடைமுறையைப் பார்க்கக் கேளுங்கள். இடையில் எத்தனை மாதம் ஒரு முறையைத் தொடாமல் இருந்தால் திரும்பச் செய்முறை வைப்பார்கள் என்று அதில் இருக்க வேண்டும். அந்த இடம் மழுப்பலாக இருந்தால் மற்றதும் அப்படித்தான் இருக்கும். உங்கள் பழைய கம்பெனிகளிலிருந்து வகுப்பு நேரமும் அனுபவ நேரமும் முறைவாரியாகக் கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள், இப்போதே. கம்பெனி மூடிய பிறகு அந்தக் காகிதத்தை யாராலும் தர முடியாது. "என்டிடி, பல வருடம்" என்ற பொதுச் சான்று செல்லாது. யூடியில் லெவல் 2-க்கு 630 மணி என்றால் யூடியில் 630.

5 ஏப்ரல்

குறிப்புப் பரீட்சை புத்தகம் திறந்து எழுதுவதா என்று கேட்கிறார் முதல் கேள்விக்காரர். பல இடங்களில் ஆம், ஆவணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது சலுகை என்று நினைத்துப் படிக்காமல் போகிறவர்கள்தான் நேரம் போதாமல் தவிப்பார்கள். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகளில்தான் கேள்வி எடுப்போம். எந்த அட்டவணை எந்தப் பொருள் தடிமனுக்கு, எந்த அடிக்குறிப்பு அதை மாற்றுகிறது என்று விரல் வைத்துத் தேடிப் பழகுங்கள்.

டிஜிட்டல் ஆர்டி பற்றிக் கேட்டவருக்கு: ஃபிலிம் ஆர்டி தகுதியோடு அதைச் செய்ய முடியாது. தனி வகுப்பு, தனிப் பரீட்சை, செயல்முறைக்குத் தனி ஒப்புதல். அதற்கு வேறு இழை போடுங்கள், இங்கே இடம் போதாது.

6 ஏப்ரல்

தம்பி பாஸாம். யூடி 88, பிடி 81. பிடியில் எதற்குக் குறைந்தது என்று கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.